வெட்டும் உருவம்: ஒரு சரித்திரக் குறிப்பு

உருவம் என்ற சொல்லை முன்வைத்து நம் சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’வைக் கொண்டுவந்த நாளிலிருந்து, படைப்பை அதன் உருவத்தை வைத்து அலசுவதா, அது பிறந்த சூழலை வைத்து மதிப்பிடுவதா என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. ‘எழுத்து’ 1970இல் நின்றது. அதே 1970இல்தான் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையை விட்டு விலகினார். 1952 முதல் அவர் கிண்டியில் செய்துவந்ததும் உருவம் பற்றிய வேலைதான். புரோட்டீன்களின் உருவம். வடக்கே திருவல்லிக்கேணி, தெற்கே கிண்டி, இரண்டுக்கும் நடுவில் மவுண்ட் ரோடு மேல் எங்கள் தேனாம்பேட்டை. சில மைல் இடைவெளியில் இரண்டு பட்டறைகள் பதினோரு ஆண்டுகள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேலை பார்த்தன. ஒன்றின் பாஷை மற்றதற்கு அந்நியம்.

கிண்டிப் பட்டறையிலிருந்து கிளம்பிய ஒரு கேள்வியின் சரித்திரத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். ஒரு பொருளின் உருவம் முழுக்கத் தெரிந்துவிட்டால் அதன் செயலும் தெரிந்துவிடுமா? இந்தக் கேள்வி அறுபது வருஷங்களாக ஒரு குறிப்பிட்ட வகைப் பொருளின்மேல் சோதிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆர்.என்.ஏ.வை வெட்டும் என்ஸைம்கள் அவை. இந்தச் சரித்திரத்தின் முக்கியமான திருப்பங்களில் நம் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பெயரை நாம் மறந்தே போனோம்.

முதலில் வெட்டுவது ஏன் என்று பார்க்க வேண்டும். ஆர்.என்.ஏ. என்ற மூன்றெழுத்து 2020இல் கொரோனா நாட்களில் நம் தெருக்களுக்கு வந்துசேர்ந்தது. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தபோது தேடியது வைரஸின் ஆர்.என்.ஏ.வைத்தான். ஆனால் அது நோய்க்கு உரிய சாமான் அல்ல. எல்லா ஜீவன்களிலும் உண்டு. டி.என்.ஏ. வங்கியின் பேரேடு என்றால், செய்தி ஆர்.என்.ஏ. அதிலிருந்து பெயர்த்தெழுதி கவுண்டருக்கு அனுப்பும் வவுச்சர். கவுண்டர் என்பது ரிபோஸோம் என்ற பெரிய யந்திரம். வவுச்சரை வாசித்து அது புரோட்டீனைக் கட்டித் தருகிறது. இந்த வங்கியில் ஒரு வினோதம் உண்டு. ஒரே வவுச்சரைத் திரும்பத் திரும்ப நீட்டிப் பணம் வாங்கலாம். ஆகவே வவுச்சரை உரிய நேரத்தில் கிழித்துப் போடாவிட்டால், தேவை முடிந்த பிறகும் பட்டுவாடா நடந்துகொண்டே இருக்கும். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரு செய்தியின் ஆயுள் பெரும்பாலும் சில நிமிஷங்களே. எழுதுவதற்கு எவ்வளவு சிரத்தையோ அழிப்பதற்கும் அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்கிறது செல். பணம் கொடுத்த செக்கின்மேல் முத்திரை குத்தி ரத்து செய்யாத வங்கி எத்தனை நாள் நிற்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெட்டு நடக்கும் விதமும் விசேஷமானது. என்ஸைம் தன்னோடு கத்தி எதையும் கொண்டுவருவதில்லை. டி.என்.ஏ.வில் இல்லாத ஓர் ஆக்ஸிஜன், ஆர்.என்.ஏ.வின் ஒவ்வொரு சர்க்கரைக் கண்ணியிலும் கூடுதலாக இருக்கிறது. அந்த ஆக்ஸிஜன் பக்கத்திலிருக்கும் பாஸ்பரஸைத் தாக்கினால் சங்கிலி அறுந்துவிடும். சாதாரணமாக அது தாக்குவதற்கு வாகான கோணத்தில் இருப்பதில்லை. என்ஸைம் சங்கிலியைப் பிடித்து, அந்தக் கோணத்துக்கு வளைத்து, ஒரு பக்கம் ஒரு புரோட்டானை வாங்கி மறுபக்கம் ஒன்றைக் கொடுக்கிறது. அறுத்துக்கொள்ளும் ஆயுதம் ஆர்.என்.ஏ.விடமே இருக்கிறது. ஆகவே இங்கே எல்லாம் வடிவத்தைப் பொறுத்தது. எந்த அணு எதற்கு எத்தனை தூரத்தில், எந்தத் திசையில் நிற்கிறது என்பதே விஷயம். உருவத்துக்கும் செயலுக்கும் உள்ள உறவைச் சோதிக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

இனி கிண்டி. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்தபோது, முப்பது வயதுகூட முழுதாக நிரம்பாத ராமச்சந்திரன் பௌதிகத் துறைத் தலைவராக வந்தார். பெங்களூரில் சி.வி. ராமனிடமும் பிறகு கேம்ப்ரிட்ஜிலும் படித்தவர். வந்த ஆண்டே லண்டனிலிருந்து ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்திருந்தார். கொலாஜன் என்ற புரோட்டீனின் உருவம் இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கொலாஜன் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாருக்கும் ஆதாரமான வஸ்து. தோல் வியாபாரத்தில் பேர்போன சென்னையில், கிண்டிக்குப் பக்கத்தில் அடையாறில், 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-ரே முன் வைத்து எடுத்த படங்களிலிருந்து, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறாகக் கொலாஜனின் உருவத்தை அவர்கள் ஊகித்தார்கள். 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. அதில் இரண்டு பெயர்கள். ஒன்று ராமச்சந்திரன். மற்றது கோபிநாத் கர்த்தா, கேரளத்திலிருந்து வந்த இளம் ஆய்வாளர்.

1955இல் அவர்கள் அந்த உருவத்தைச் சற்றுத் திருத்தி வெளியிட்டார்கள். அதே ஆண்டு பிரான்ஸிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மூன்று இழை சரி, ஆனால் சென்னைக்காரர்களின் மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை 1953இல் சொன்ன கிரிக்கின் வார்த்தைக்கு அப்போது இருந்த கனம் தெரிந்ததே. ராமச்சந்திரன் மனம் புண்பட்டு ஒதுங்கிவிடவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் தீர்மானித்தது என்று கேட்டார். அதுவரை தீர்க்கப்பட்ட ஸ்படிக உருவங்களையெல்லாம் அலசி, அனுமதிக்கப்படும் குறைந்தபட்ச தூரங்களைத் தொகுத்தார்கள். அதிலிருந்து 1963இல் பிறந்தது, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம். இன்று உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம் என்று அதற்குப் பெயர்.

யாப்பு தெரிந்தவர்களுக்கு அந்த வரைபடத்தைச் சுலபமாக விளக்கலாம். புரோட்டீன் என்பது கண்ணிகள் தொடுத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்கள் திரும்பக்கூடியவை. எல்லாத் திருப்பங்களும் சாத்தியம் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான திருப்பங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும். மோதாத பிரதேசங்கள் வரைபடத்தில் சில தீவுகளாக மட்டுமே மிஞ்சுகின்றன. ஒரு சீரின் ஈற்றுக்கும் அடுத்த சீரின் முதலுக்கும் உள்ள தளை மாதிரி இது. என்ன பாட்டு எழுத வேண்டும் என்று தளை சொல்லாது. எது சேராது என்று மட்டும் சொல்லும். இன்றும் புதிதாக ஒரு புரோட்டீனின் உருவத்தைத் தீர்த்தால் கண்ணிகள் இந்த வரைபடத்தில் எங்கே விழுகின்றன என்று பார்த்த பிறகே மற்றவர்கள் நம்புகிறார்கள்.

கர்த்தா பிற்பாடு கடல் கடந்தார். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் நிலையத்தில் டேவிட் ஹார்க்கரின் குழுவில் சேர்ந்தார். ஹார்க்கர் 1950இல் புரூக்லினில் தொடங்கியிருந்த திட்டம் ஒரே புரோட்டீனைக் குறி வைத்தது: மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த ரிபோநியூக்ளியேஸ். ஆர்.என்.ஏ.வை வெட்டும் என்ஸைம்களில் மிகப் பழக்கமானது அது. குனிட்ஸ் 1940இலேயே அதை ஸ்படிகமாக்கியிருந்தார். சிகாகோவின் ஆர்மர் என்ற மாமிசக் கம்பெனி ஒரு கிலோ அளவுக்கு அதைச் சுத்தம் செய்து ஆராய்ச்சிக்கூடங்களுக்குக் கொடுத்தது. சென்னையில் தோலும் சிகாகோவில் கணையமும். நவீன உயிரியலின் மூலதனத்தில் கசாப்புக் கடைக்கும் ஒரு பங்கு உண்டு.

1953-54இல் அந்தப் புரூக்லின் திட்டத்தில் ஒரு வருஷம் வேலை செய்தவர்களில் கிரிக்கும் ஒருவர். அந்த வருஷத்தில் ரிபோநியூக்ளியேஸ் மசியவில்லை. அவர் இங்கிலாந்து திரும்பி, அடுத்த ஆண்டு சென்னையின் கொலாஜனைக் கண்டித்தார். அவர் விட்டுச்சென்ற வேலையை முடித்தவர்களில் முதல் பெயர், அவரால் கண்டிக்கப்பட்ட கட்டுரையின் இரண்டாவது பெயர். 1967 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் கர்த்தா, பெல்லோ, ஹார்க்கர் மூவரும் ரிபோநியூக்ளியேஸின் முழு உருவத்தை வெளியிட்டார்கள். அமெரிக்க மண்ணில் தீர்க்கப்பட்ட முதல் புரோட்டீன் உருவம் என்று அது சொல்லப்படுகிறது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தார் அதே என்ஸைமின் இன்னொரு வடிவத்தைத் தீர்த்தார்கள்.

இதில் கிண்டியின் பங்கு ஆளை அனுப்பியதோடு நிற்கவில்லை. எக்ஸ்-ரே படத்தில் புள்ளிகளின் பிரகாசம் பதிவாகும். அலைகளின் கட்டம் பதிவாகாது. கட்டம் தெரியாமல் உருவத்தைத் திரும்பக் கட்ட முடியாது. கன அணுக்கள் எக்ஸ்-ரேயைச் சற்று முறைதவறிச் சிதறடிக்கும் குணத்தைப் பயன்படுத்தி இந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதை 1956இல் ராமச்சந்திரனும் எஸ். ராமனும் எழுதியிருந்தார்கள். இந்த ராமன் வேறு, சி.வி. ராமன் வேறு. அந்த வழியைப் புரோட்டீனுக்கு ஏற்றபடி மற்ற முறைகளோடு சேர்த்து 1965இல் கர்த்தாவும் பார்த்தசாரதியும் வகுத்தார்கள். பஃபலோவில் தீர்ந்த உருவத்தில் கிண்டியின் இலக்கணம் இருக்கிறது.

என்ன தெரிந்தது? 124 கண்ணிகள். அவற்றை நான்கு கந்தகப் பாலங்கள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. நடுவில் ஒரு பள்ளம். சங்கிலியில் 12ஆம் இடத்திலும் 119ஆம் இடத்திலும் இருக்கும் இரண்டு ஹிஸ்டிடின்கள், வரிசையில் நூறு கண்ணிகளுக்கு மேல் விலகியிருந்தும், மடிப்பில் அந்தப் பள்ளத்தின் இருபுறமும் எதிரெதிராக வந்து நிற்கின்றன. ஒன்று புரோட்டானை வாங்க, மற்றது கொடுக்க. ரசாயனிகள் பல வருஷங்களாக மறைமுகமாகச் சொல்லிவந்த செயல் கண்முன் உருவமாக நின்றது. பிரதியில் தூரத்திலிருக்கும் இரண்டு வரிகள் வாசிப்பில் பக்கத்தில் வந்து அமர்வதை நாம் அறிவோம். இங்கே அது அணுக்களின் கணக்கில் நடந்தது. இதே ரிபோநியூக்ளியேஸை அவிழ்த்துவிட்டால் தானாகவே திரும்ப மடிந்துகொள்ளும் என்று காட்டிய ஆன்ஃபின்ஸனும், இதன் ரசாயன அமைப்பையும் செயலையும் பிணைத்துக் காட்டிய மூர், ஸ்டைன் இருவரும் 1972இல் நோபல் பெற்றார்கள். வரிசை உருவத்தைத் தீர்மானிக்கிறது, உருவம் செயலைத் தீர்மானிக்கிறது: சூத்திரம் பூர்த்தியாகிவிட்டது என்று தோன்றிய காலம்.

கர்த்தாவுக்குப் பெரிய பரிசு எதுவும் வரவில்லை. அவர் 1984இல் காலமானார். ஒரு நூலைச் செய்தவனைக் கர்த்தா என்று அழைக்கும் பாஷையில் அவர் பெயர் சொல்ல ஆளில்லை.

சூத்திரத்தின்மேல் முதல் கீறல் பாக்டீரியாவிலிருந்து வந்தது. பாசில்லஸ் அமைலோலிக்விஃபேஷியன்ஸ் என்ற மண் பாக்டீரியா ஒரு சிறு என்ஸைமைத் தன் உடலுக்கு வெளியே உமிழ்கிறது. அதன் பெயர் பார்னேஸ். 110 கண்ணிகள். ராபர்ட் ஹார்ட்லி பல்லாண்டுகள் அதோடு மல்லுக்கட்டினார். 1982இல் அதன் உருவம் ‘நேச்சரி’ல் வந்தபோது, மாட்டு ரிபோநியூக்ளியேஸோடு அதற்கு எந்த ஜாடை ஒற்றுமையும் இல்லை என்று தெரிந்தது. ஒரு புதிய குடும்பம் என்றே தலைப்பிட்டார்கள். கந்தகப் பாலம் ஒன்றுகூட இல்லை. புரோட்டானை வாங்குவது ஹிஸ்டிடின் அல்ல, 73ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம். கொடுப்பது 102ஆம் இடத்து ஹிஸ்டிடின். ஆனால் வெட்டும் ரசாயனம் அதேதான். உருவம் வேறு, செயல் ஒன்று. சரி, ஒரே பொருளை வெண்பாவிலும் பாடலாம் ஆசிரியப்பாவிலும் பாடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

பார்னேஸ் இன்னொரு கேள்வியையும் கிளப்பியது. இவ்வளவு கூர்மையான வெட்டுக்காரனைத் தயாரிக்கும் பாக்டீரியா தானே வெட்டுப்பட்டுச் சாகாமல் இருப்பது எப்படி? அது பார்ஸ்டார் என்ற இரண்டாவது புரோட்டீனையும் தயாரிக்கிறது. 89 கண்ணிகள். அது வெளியே போவதில்லை. செல்லுக்குள்ளேயே இருந்து, உள்ளே தங்கிவிட்ட பார்னேஸின் வாயை அடைத்துவிடுகிறது. உயிரியலில் தெரிந்த பிணைப்புகளில் மிக இறுக்கமானவற்றுள் இதுவும் ஒன்று. பார்னேஸின் ஜீனை மட்டும் வேறொரு பாக்டீரியாவில் புகுத்தினால் அது செத்துப்போகிறது. பார்ஸ்டாரையும் சேர்த்துக் கொடுத்தால் பிழைக்கிறது என்று ஹார்ட்லி காட்டினார். ஆகவே பார்னேஸின் உருவத்தை மட்டும் பார்த்தவன், அது வெளியே ஓர் ஆயுதம், உள்ளே ஒரு கட்டுண்ட கைதி என்பதை அறியமாட்டான். செயல் என்பது இடத்தையும் கேட்கிறது.

இந்த இடம் என்ற விஷயம் நம் தேசத்தில் நீதிமன்றம்வரை போனது. 1990இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பார்னேஸின் ஜீனைப் புகையிலைச் செடியில் வைத்தார்கள். ஆனால் அது மகரந்தப் பையின் உட்சுவரில் மட்டும் விழித்துக்கொள்ளும்படி ஏற்பாடு. அந்தத் திசு அழிந்தது, மகரந்தம் இல்லை, செடியின் மற்ற பாகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடுகில் வீரிய ஒட்டு உண்டாக்க இதுவே வழி என்று கண்டு, தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டலின் குழு டி.எம்.எச்.-11 என்ற கடுகை உருவாக்கியது. தாய்ச்செடியான வருணா என்ற ரகத்தில் பார்னேஸ்; தந்தைச்செடியில் பார்ஸ்டார். கலந்து பிறக்கும் செடியில் இரண்டும் சேர்வதால் வெட்டு நின்று மகரந்தம் திரும்ப வருகிறது, காய் பிடிக்கிறது. 2022 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அதன் சுற்றுச்சூழல் வெளியீட்டுக்குப் பரிந்துரைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள்.

அந்த விவாதத்தில் ஒரு தரப்பு பார்னேஸை விஷம் என்றது. மறுதரப்பு சாதாரண மண் பாக்டீரியாவின் புரோட்டீன்தானே என்றது. இரண்டும் உருவத்தை மட்டும் பார்த்த பேச்சு. பார்னேஸ் விஷமா என்ற கேள்விக்கு எங்கே என்ற கேள்வியில்லாமல் விடை கிடையாது. மகரந்தப் பையின் சுவரில் அது விஷம். பார்ஸ்டார் இருக்கும் செல்லில் அது ஒன்றுமில்லை. அந்த எல்லை வயலில் நிலைக்கிறதா, கூடவே வைக்கப்பட்ட களைக்கொல்லி தாங்கும் ஜீன் எந்தப் பழக்கத்தை நிலத்தில் கொண்டுவரும், ஒட்டு விதையை ஒவ்வொரு வருஷமும் யாரிடம் வாங்குவது என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அவையெல்லாம் இடத்தையும் சூழலையும் பற்றியவை.

சூத்திரம் முற்றாகத் தடுமாறியது ரெல்-ஈ என்ற என்ஸைமிடம்தான். ஈ. கோலையில் உள்ளது. 95 கண்ணிகள் மட்டும். இதற்கும் ஒரு வாயடைப்பான் உண்டு, பெயர் ரெல்-பி. பாக்டீரியாவுக்கு உணவு தட்டும்போது, ரெல்-பி சிதைக்கப்பட்டு ரெல்-ஈ விடுதலையாகி, செய்திகளின் வாசிப்பை நிறுத்துகிறது என்று 2001இல் காட்டினார்கள். ஆனால் அதைச் சுத்தம் செய்து வெறும் ஆர்.என்.ஏ.வோடு வைத்தால் அது வெட்டவே இல்லை. 2003இல் டென்மார்க், ஸ்வீடன் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். ரிபோஸோமுக்குள் வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அடுத்த சொல் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் அது வெட்டுகிறது. மூன்றெழுத்துச் சொல்லில் இரண்டாம் எழுத்துக்கும் மூன்றாம் எழுத்துக்கும் நடுவில்.

2005இல் ஜப்பானியர்கள் இதன் உறவுக்கார புரோட்டீன் ஒன்றின் உருவத்தைத் தீர்த்தபோது வேடிக்கை கூடியது. மடிப்பு பார்னேஸ் குடும்பத்து ஜாடை. ஆனால் பார்னேஸ் வெட்டப் பயன்படுத்தும் குளூட்டாமிக் அமிலமும் ஹிஸ்டிடினும் அங்கே இல்லை. கத்தி உறை மாதிரி இருக்கிறது, உள்ளே கத்தி இல்லை. மாட்டிலும் பார்னேஸிலும் உருவம் வேறு, செயல் ஒன்று. பார்னேஸிலும் ரெல்-ஈயிலும் ஜாடை ஒன்று, செய்முறை வேறு. ரெல்-ஈயின் உருவத்தை எவ்வளவு துல்லியமாக உற்றுப் பார்த்தாலும் அது எப்படி வெட்டுகிறது என்பதை அதிலிருந்து மட்டும் எடுக்க முடியாது.

வெட்டும் இடத்தையே அணு அணுவாகத் தெரிந்துகொண்டால்தான் வழி. இடம் என்பது ரிபோஸோம். பாக்டீரியாவில் மூன்று ஆர்.என்.ஏ.க்களும் ஐம்பதுக்கு மேல் புரோட்டீன்களும் சேர்ந்த கட்டடம். 1952இல் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு உயிரியலைப் பாடமாகத் திரும்பப் படித்தவர். அவரது குழு 2000இல் கேம்ப்ரிட்ஜில் ரிபோஸோமின் சிறு பாதியின் உருவத்தைத் தீர்த்தது. ஆஸ்மியம் போன்ற கன அணுக்களின் முறைதவறிய சிதறலைக் கொண்டே அவர்களும் கட்டத்தைக் கண்டார்கள். கிண்டியில் 1956இல் எழுதப்பட்ட விஷயத்தின் வம்சம் அது. 2009இல் யோனத், ஸ்டைட்ஸ் இருவரோடு அவருக்கு நோபல் வந்தபோது இங்கே கொண்டாடினார்கள். ஒருவன் எந்த நாட்டில் பிறந்தான் என்பது தற்செயல் என்று அவர் சொன்னது சிலருக்கு உறைத்தது.

அதே 2009 டிசம்பரில் அவரது குழுவும் டேனிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து ‘செல்’ இதழில் வெளியிட்ட ஒரு கட்டுரை இங்கே யார் கண்ணிலும் படவில்லை. ரிபோஸோமுக்குள் ரெல்-ஈ உட்கார்ந்திருக்கும் நிலையை, வெட்டுவதற்கு முன்னும் வெட்டிய பின்னும், அவர்கள் படம் பிடித்திருந்தார்கள். வெட்டுக்கு முந்திய கணத்தை நிறுத்திவைக்க ஓர் உபாயம் செய்தார்கள். ஆர்.என்.ஏ.வின் தாக்கும் ஆக்ஸிஜனுக்கு ஒரு சிறு மூடி போட்டுவிட்டார்கள். படத்தில் தெரிந்தது இது: ரெல்-ஈ அடுத்த சொல்லின் இடத்தில் நுழைந்து செய்தியை அதன் வழக்கமான பாதையிலிருந்து இழுக்கிறது. அதன் 87ஆம் இடத்து டைரோஸின் இரண்டாம் எழுத்தின்மேல் படிகிறது. மூன்றாம் எழுத்தைத் தாங்கிப் பிடிப்பதோ ரிபோஸோமின் சொந்த ஆர்.என்.ஏ.விலுள்ள 1054ஆம் எழுத்து. இந்த இழுப்பில் செய்தியின் ஆக்ஸிஜன் தாக்கும் கோணத்துக்கு வந்துவிடுகிறது. பிடித்து வளைக்கும் வேலையில் பாதியை என்ஸைம் செய்கிறது, பாதியை அந்த இடம் செய்கிறது. கத்தியின் ஒரு அலகு ரெல்-ஈயிடமும் மறு அலகு ரிபோஸோமிடமும் இருக்கின்றன.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. ரெல்-ஈ போன்ற வெட்டுக்காரர்களே சில பாக்டீரியாக்களை உறக்கநிலைக்குத் தள்ளி, ஆன்டிபயாட்டிக்குகளிலிருந்து தப்பவைக்கிறார்கள் என்று 2011இலும் 2013இலும் இரண்டு கட்டுரைகள் வந்தன. கச்சிதமான கதை, எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். பிறகு சோதனையில் பயன்பட்ட பாக்டீரியாக்களில் ஒரு வைரஸ் கலந்திருந்தது தெரியவந்து, இரண்டு கட்டுரைகளும் 2018இல் திரும்பப் பெறப்பட்டன. அணுக்களின் உருவம் அப்படியே நின்றது. அதன்மேல் கட்டிய பெரிய விளக்கம் விழுந்தது. உருவம் துல்லியமாகக் கிடைத்த மயக்கத்தில் சூழலைச் சோதிக்காமல் விட்டதன் விலை அது.

விஞ்ஞானத்திலிருந்து உவமை திருடி இலக்கிய வழக்குகளுக்குத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கவிதை என்ஸைம் அல்ல. ஆனால் ஒரே சொல்லோடு இன்னொரு துறையில் எழுபது வருஷங்கள் மாரடித்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை. படைப்பை அதன் வரிகளுக்குள் மட்டும் வைத்து அலசினால் போதும் என்பவர்கள் 1967இல் நின்றுவிட்டவர்கள். பெரிய காலம்தான் அது. அன்றைய உழைப்பு இல்லாமல் பின்னால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் ரெல்-ஈ மாதிரியான படைப்புகள் நம்மிடமும் உண்டு. தனியாக மேஜைமேல் வைத்தால் அவை எதையும் வெட்டாது. வாசிப்பு நடந்துகொண்டிருக்கும் ஓர் இடத்தில் நுழையும்போதுதான் அவற்றின் செயல் தெரியவருகிறது.

இதைக் கேட்டுச் சூழல்வாதிகள் சந்தோஷப்பட வேண்டாம். ரிபோஸோமின் அதே இடத்துக்குத்தான் சொல்லை வாசிக்கும் டி.ஆர்.என்.ஏ.வும் வருகிறது. வாசிப்பவனும் வெட்டுபவனும் வந்து அமர்வது ஒரே நாற்காலியில். இடம் ஒன்றாக இருந்தும் செயல் எதிரெதிர். ரெல்-ஈயில் அந்த ஓர் டைரோஸினை மாற்றினால், இடம் அப்படியே இருந்தும் வெட்டு குன்றிவிடுகிறது. மேலும் ஒன்று. இடத்தைப் பற்றிப் பேசும் உரிமையை அவர்கள் சும்மா வாங்கவில்லை. ஒரு சிறு என்ஸைமுக்குச் செலவிட்ட துல்லியத்தையே, அதைவிடப் பல மடங்கு பெரிய அந்தக் கட்டடத்துக்கும் செலவிட்டார்கள். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நம்மில் சூழல் என்பவர்கள் ‘சமூகப் பின்னணி’ என்று இரண்டு வரியில் முடித்துவிட்டுப் பிரதிக்கு வந்துவிடுகிறார்கள். பிரதியை எழுத்தெழுத்தாகப் படிப்பவன் அளவுக்கு, அது விழுந்த இடத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்த விமர்சனம் தமிழில் இனிமேல்தான் வர வேண்டும்.